கடைசி டிவிஷன்காரர்கள்

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்கு விடிவதற்கு முன்னால் ஒருநாள் போய்ப் பாருங்கள். பாளம் பாளமாக ஐஸ் வந்து இறங்கும். கிரஷரில் கடகடவென்று உடைபட்டு, கூடை கூடையாகப் படகின் அடிவயிற்றுக்குள் போகும். கடலூர்க்காரருக்கு ஐஸ் என்றால் இதுதான். மீன் கெடக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். சிதம்பரத்துக்காரரைக் கேட்டால், ரத வீதிகளைச் சுற்றி வந்த களைப்புக்குக் குடிக்கும் சர்பத்தில் மிதக்கும் ரெண்டு துண்டுதான் ஐஸ் என்பார்.

'அந்த ஐஸ் மேலே ஏறி நின்னு ஹாக்கி ஆடுறாங்க. அதுல நம்ம நாட்டுக்கும் ஒரு டீம் இருக்கு' என்று சொன்னால்? 'வெயில் தலைக்கு ஏறிடுச்சா தம்பி?' என்று அக்கறையாக விசாரிப்பார்கள்.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அந்த டீமின் கதையைத்தான். இதில் தங்கக் கோப்பையோ, விமான நிலையத்தில் மாலை மரியாதையோ கிடையாது. சர்வதேச விளையாட்டு மாளிகையின் கடைசித் தட்டில், பின்வாசல் பக்கமாக நுழைந்தவர்களின் கதை இது. அதனால்தான் சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது.

*

முதலில் ஒரு கேள்வி. உறைந்த தண்ணீர் நம் கடற்கரைக்கு முதன்முதலில் எங்கிருந்து வந்தது? இமயமலையிலிருந்து என்று நினைத்தீர்களானால், தவறு. அமெரிக்காவிலிருந்து!

பாஸ்டன் நகரத்தில் ஃப்ரெடரிக் டூடர் என்றொரு வியாபாரி. குளிர்காலத்தில் அந்தப் பக்கத்து ஏரிகள் உறைந்தவுடன், பனியைச் சதுரம் சதுரமாக அறுத்து, மரத்தூள் போட்டு மூடி, கப்பலேற்றி விற்றவர். 1833-ல் 'டஸ்கனி' என்ற கப்பலில் 180 டன் ஐஸை ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம். வழியில் உருகியது போக, ஏறத்தாழ 100 டன் பத்திரமாக வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் குதித்துக் கொண்டாடினார்கள்.

அடுத்து சென்னை. 1842-ல் கடற்கரையோரம் வட்டவட்டமாக ஒரு கட்டடம் எழும்பியது. அமெரிக்க ஐஸைச் சேமித்து வைக்கத்தான். இன்றைக்கும் அந்தப் பேட்டைக்குப் பெயர் ஐஸ் ஹவுஸ். 1897-ல் மேலைநாட்டுப் பயணம் முடிந்து திரும்பிய விவேகானந்தர் ஒன்பது நாட்கள் தங்கியது அங்கேதான். இப்போது அது விவேகானந்தர் இல்லம்.

ஆக, ஐஸ் நமக்கு வந்தது. ஐஸை வைத்துக்கொண்டு அந்த ஊர்க்காரர்கள் ஆடிய ஆட்டம் மட்டும் கப்பலேறவில்லை. வந்த ஐஸ், விஸ்கி கோப்பையோடு நின்றுபோனது.

*

அது என்ன ஆட்டம்? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1875, மார்ச் 3. கனடாவின் மான்ட்ரியல் நகரம். விக்டோரியா ஸ்கேட்டிங் ரிங்க் என்ற அரங்குக்குள் பக்கத்துக்கு ஒன்பது பேராக இறங்கி ஆடினார்கள். கூரைக்குக் கீழே, விதிமுறையோடு நடந்த முதல் ஐஸ் ஹாக்கிப் போட்டி என்று அதைத்தான் சொல்கிறார்கள். உருண்டைப் பந்து எகிறிப்போய்ப் பார்வையாளர்களின் மூக்கை உடைத்துவிடக் கூடாதே என்று, தட்டையான ஒரு மரவில்லையைப் பயன்படுத்தினார்களாம். அந்த வில்லைதான் இன்றைய 'பக்'. இப்போது கெட்டி ரப்பரில் செய்கிறார்கள். மூணு அங்குல விட்டம், ஒரு அங்குல கனம், எடை 170 கிராம் சுமார்.

மைதானத்தைச் சுற்றிப் பலகைச் சுவர். ஏன் தெரியுமா? எல்லை என்று ஒன்று இருந்தாக வேண்டும். 1690-ல் நம் தேவனாம்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி என்ன செய்தது என்பது கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். கோட்டையை விலைக்கு வாங்கிக்கொண்டு, பீரங்கியால் சுட்டுக் குண்டு விழுந்த தூரம் வரைக்கும் 'இதெல்லாம் எங்களுது' என்று ஊர்களை வளைத்துப்போட்டது. ஐஸ் ஹாக்கியில் அந்த மாதிரி கம்பெனிக் கணக்கு நடக்காது. சுவரில் பட்டு பக் திரும்பி உள்ளேயே வந்துவிடும். பக்கத்துக்கு ஆறு பேர், இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதி. ஓடுகிறவன் காலில் சக்கரம் கிடையாது, கத்தி! கீழே விழுந்தால் பனிக்கட்டி சிமென்ட் தரையைவிட மெத்தென்றெல்லாம் இருக்காது.

1908-ல் பாரிஸில் இதற்கென ஒரு சர்வதேசச் சம்மேளனம் உருவானது. 1920-ல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸில் ஐஸ் ஹாக்கி அறிமுகம். குளிர்கால ஒலிம்பிக்ஸ் என்ற ஒன்று அப்போது பிறக்கவில்லை. கோடைக்கால ஒலிம்பிக்ஸிலேயேதான் ஆடினார்கள்! இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியா என்ற பெயரில் ஒரு சின்ன அணி ஒலிம்பிக்ஸுக்குப் போனதும் அதே 1920 ஆன்ட்வெர்ப்புக்குத்தான். ஒரே வாசலில் ஒரே வருஷம் நுழைந்த ரெண்டு பேர், ஒருவரையொருவர் முகம் பார்க்கவே இன்னும் எண்பத்தொன்பது வருஷம் ஆகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

*

இந்த ஆட்டத்தின் சர்வதேச அமைப்பு நம்ம ஊர் லீக் கிரிக்கெட் மாதிரிதான். மேல் தட்டில் கனடா, ஸ்வீடன், ஃபின்லாந்து மாதிரி பதினாறு ஜாம்பவான்கள். அதற்குக் கீழே டிவிஷன் ஒன்று, இரண்டு, மூன்று. 2022 முதல் நான்கும் வந்துவிட்டது. அந்த நான்காவது டிவிஷனின் முதல் போட்டியில் ஆடியவர்களில் மலேசியாவும் சிங்கப்பூரும் உண்டு. ஜெயித்தால் ஒரு படி மேலே, தோற்றால் ஒரு படி கீழே.

கீழ்த்தட்டில் நடக்கும் ஆட்டங்களின் ஸ்கோர்களைப் பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றும். 1987-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 'பூல் டி' என்ற கடைசிப் பிரிவுப் போட்டி. ஆஸ்திரேலியா 58, நியூஸிலாந்து 0. அச்சுப்பிழை அல்ல. ஐம்பத்தெட்டுக்கு முட்டை! 1998-ல் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான ஆசிய - ஓஷியானியா போட்டியில் தென்கொரியா 92, தாய்லாந்து 0. ஒரே பையன் மட்டும் 31 கோல். தாய்லாந்து கோல்கீப்பராக நின்ற பிள்ளையை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அறுபது நிமிஷ ஆட்டத்தில் தொண்ணூற்றிரண்டு தடவை குனிந்து வலையிலிருந்து பக்கை எடுத்திருக்கிறான். ஆனாலும் கடைசி மணி அடிக்கும் வரை நின்றிருக்கிறான்.

நமக்கு இது புரியும். எதிர்ப்பக்கத்திலிருந்து புரியும்! 1932 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்ஸில், புல்தரை ஹாக்கியில் அமெரிக்காவை 24 - 1 என்று துவைத்துத் தொங்கவிட்டவர்கள் நாம்தானே. ரூப் சிங் பத்து, அவர் அண்ணன் தியான்சந்த் எட்டு. அன்றைக்கு அந்த அமெரிக்க கோல்கீப்பரை நினைத்து இங்கே யார் வருத்தப்பட்டது?

காலம் எல்லோருடைய கணக்கையும் தீர்க்கும். நம் முறையும் வந்தது.

*

சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரைக்குத் தேர் நகரும் நாட்களை மனசில் வையுங்கள். விடியற்காலைப் பனிக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு 'இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி' என்று நாம் பேசிக்கொள்ளும் அதே நாட்களில், கடல் மட்டத்துக்கு மேலே 3,500 மீட்டர் உயரத்தில், லடாக்கின் லே நகரத்தில் குளங்கள் உறைகின்றன. உறைகின்றன என்றால் மேலே ஆள் ஓடலாம், லாரிகூட நிறுத்தலாம் போலிருக்கும்.

இந்தியாவில் பனிச்சறுக்கு அதற்கு முன்பே இருந்தது. சிம்லாவில் 1920-லேயே வெள்ளைக்காரர்கள் திறந்தவெளி ரிங்க் அமைத்தார்கள். ஆனால், ஐஸ் ஹாக்கி உயிரோடு வேர் பிடித்தது லடாக்கில்தான். எல்லையில் இருந்த ராணுவ வீரர்கள், குறிப்பாக லடாக் ஸ்கவுட்ஸ் படையினர், 1970-களில் பொழுதுபோக்காக ஆரம்பித்தார்கள். குளிர்காலத்தில் சாலைகள் மூடிக்கிடக்கும். வேலை இல்லை, போக்கிடம் இல்லை. குளம் மட்டும் இருக்கிறது. லேயில் உள்ள கார்ஸூ குளம் ஸ்டேடியமாகிவிட்டது.

ஸ்கேட்டிங் ஷூவுக்கு எங்கே போவது? ராணுவ பூட்ஸின் அடியில் இரும்புப் பட்டையைப் பொருத்திக்கொண்டார்கள். ஐஸ் ஹாக்கி மட்டைக்குப் பதில் சாதா ஹாக்கி மட்டை. கோல்கீப்பரா? கிரிக்கெட் பேடைக் கட்டிக்கொள்! வெளிநாட்டில் ஐஸ் தளத்தைச் சமப்படுத்த பெரிய பெரிய இயந்திரங்கள் ஓடும். இங்கே ராத்திரி உறைகுளிரில் ஆட்கள் தண்ணீரை ஊற்றி ஊற்றி இழைத்துவிடுவார்கள். விடிவதற்குள் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். சாணம் தெளித்து வாசல் மெழுகுகிற நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தப் பக்குவம் சட்டென்று புரியும்.

ஒரே ஒரு கஷ்டம். டிசம்பர் நடுவில் ஆரம்பிக்கும் இந்தப் பனித்தளம் பிப்ரவரி நடுவில் உருகிவிடும். வருஷத்துக்கு ரெண்டு மாசம்தான் பயிற்சி. மிச்சம் பத்து மாசம்? வெறும் கனவு.

*

1989-ல் இந்தியா சர்வதேசச் சம்மேளனத்தில் உறுப்பினர் ஆனது. ஆனால், ஒரு சர்வதேசப் போட்டியில் இறங்க இருபது வருஷம் பிடித்தது. காரணம் எளிது. உள்ளரங்க ரிங்க் கிடையாது. முழு அளவில் ஒன்றுகூடக் கிடையாது.

உலக சாம்பியன்ஷிப்பின் கடைசி டிவிஷனைக்கூட எட்ட முடியாத நாடுகளுக்காக 2008-ல் 'ஆசிய சேலஞ்ச் கோப்பை' என்று ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். 2009 மார்ச்சில் அது அபுதாபியில் நடந்தபோது இந்திய ஆண்கள் அணி போய் இறங்கியது. பாலைவனத்து ஊரில் முழு அளவு ரிங்க் இருக்கிறது. இமயமலையை வைத்திருக்கும் நாட்டில் இல்லை! நம் ஆட்களில் பலருக்குக் கூரைக்குக் கீழே, இயந்திரம் இழைத்த தளத்தில் ஆடுவதே புது அனுபவம். முடிவு? பெரிய பெரிய தோல்விகள். ஆனால், ஸ்கோர் போர்டில் 'இந்தியா' என்று ஒரு பெயர் ஏறிவிட்டது.

அந்தக் கோப்பைக்கும் கீழே ஒரு தட்டு வந்தது. பெயர் 'டிவிஷன் ஒன்று'. ஒன்று என்றதும் முதல் தரம் என்று ஏமாந்துவிடாதீர்கள். மேல் தட்டில் இடம் கிடைக்காதவர்களுக்கான பிரிவு அது. 2012 மார்ச்சில் அதை நடத்தும் வாய்ப்பு இந்தியாவுக்குக் கிடைத்தது. இடம், டேராடூன்.

தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக 2011 ஜனவரியில்தான் அங்கே ஓர் உள்ளரங்க ரிங்க்கைத் திறந்திருந்தார்கள். பல கோடி ரூபாய்ச் செலவு. 'இனிமே நாம கோடையிலும் ஆடலாம்' என்று லடாக் பையன்கள் மகிழ்ந்தார்கள். நாட்டில் வேறு யாருக்கும் இப்படி ஒரு போட்டி நடந்ததே தெரியாது. கடலூர் மாவட்டத்தைக் குறை சொல்லவே முடியாது. 2011 டிசம்பர் 30-ம் தேதி அடித்த 'தானே' புயலில் சாய்ந்த முந்திரியையும் பலாவையும் எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது. மற்ற ஊர்களுக்கு என்ன சாக்கு?

கதையின் கசப்பான பகுதி இனிமேல்தான். ஐஸ் தளத்தை உறைய வைக்க ராப்பகலாக மின்சாரம் வேண்டும். விழா முடிந்தது, தலைவர்கள் போனார்கள், கரன்ட் பில் மட்டும் வந்துகொண்டே இருந்தது. கட்டுவதற்குக் காசு இருந்தது, நடத்துவதற்கு இல்லை. ரிங்க்கை மூடினார்கள். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லை. பத்து வருஷத்துக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்து, 2025-ல்தான் அதைப் புதுப்பித்துத் திறந்தார்கள். பதினெட்டு வயதில் அங்கே ஆடக் காத்திருந்த பையனுக்கு அதற்குள் முப்பது தாண்டியிருக்கும். கட்டடத்தைப் புதுப்பிக்கலாம். அந்தப் பையனின் கால்களை?

*

பையன்களுக்கே இந்த நிலைமை என்றால், பெண்களுக்கு?

லடாக்கில் ஆண்கள் ஆடி முடித்து இடைவெளி விட்டால்தான் பெண்களுக்குக் குளம். அண்ணன் ஷூ, மாமன் மட்டை, யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுச்சென்ற ஹெல்மெட். 'பொண்ணுக்கு எதுக்கு இந்த முரட்டு ஆட்டம்?' என்ற கேள்வி அங்கேயும் உண்டு. கேள்விக்கு மொழி வேறாக இருக்கலாம், தொனி ஒன்றுதான்.

2016-ல் முதன்முறையாக இந்தியப் பெண்கள் அணி என்று ஒன்று கிளம்பியது. தைபே நகரில் ஆசிய சேலஞ்ச் கோப்பை. போவதற்குப் பணம்? முன்பின் தெரியாத பொதுமக்களிடம் இணையம் வழியாகக் கையேந்தித்தான் சேர்த்தார்கள். பயிற்சி? குர்கானில் ஒரு ஷாப்பிங் மாலுக்குள் இருந்த சின்ன ரிங்க். சர்வதேச அளவில் பாதிகூட இல்லாத அந்த இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து பழகினார்கள். கோல்வலையில் நின்றவர் நூர்ஜஹான் என்ற லடாக் பெண். ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோல்வி.

இந்த இடத்தில் சாதாரணமாக ஒரு கதை முடிந்துவிடும். இவர்கள் முடிக்கவில்லை.

2017 மார்ச், பாங்காக். அதே தாய்லாந்து! 92 கோல் வாங்கியதற்காக மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகாமல், ஆசியப் போட்டியையே நடத்தும் அளவுக்கு வளர்ந்திருந்த தாய்லாந்து. அங்கே பிலிப்பைன்ஸை எதிர்த்து இந்தியப் பெண்கள் ஆடினார்கள். 4 - 3. ஜெயித்தது இந்தியா. சர்வதேச ஐஸ் ஹாக்கியில் இந்தியப் பெண்களின் முதல் வெற்றி. பெஞ்சில் இருந்தவர்கள் பனித்தளத்துக்குள் குதித்து, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அழுதார்கள். தேசிய கீதம் ஒலித்தபோது வாய் திறந்து பாட முடியாமல் தேம்பினார்கள். உலகக் கோப்பை இல்லை, ஒலிம்பிக்ஸ் இல்லை. கடைசித் தட்டுப் போட்டியில், லீக் ஆட்டத்தில், ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் கிடைத்த வெற்றி. ஆனால், அந்த அழுகையில் எந்த டிவிஷனும் கிடையாது.

சேதி கனடா வரைக்கும் போனது. நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஹேலி விக்கன்ஹைஸர் என்ற வீராங்கனை, 2018 ஜனவரியில் லடாக்குக்கே வந்து குளத்தில் இறங்கி இந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் அவர்களைத் தன் ஊரான கால்கரிக்கு வரவழைத்து ஆடவைத்தார். 180 டன் ஐஸ் வந்த திசையிலிருந்து, ஆட்டமும் கடைசியில் ஆளோடு வந்து சேர்ந்தது. 185 வருஷம் தாமதம், பரவாயில்லை.

2025-ல் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் அல் அய்னில் நடந்த ஆசியக் கோப்பையில், இந்தியப் பெண்கள் அணிக்கு வெண்கலப் பதக்கம். இந்த ஆட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்த முதல் சர்வதேசப் பதக்கம் அது.

*

'சரிங்க, கடைசித் தட்டுல மூணாவது இடம். இதுல என்ன பெருமை?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

1987-ல் பெர்த்தில் நடந்த அந்தக் கடைசிப் பிரிவுப் போட்டியைச் சொன்னேன் அல்லவா? அதில் ஆடிய இன்னொரு நாடு தென்கொரியா. அதே தென்கொரியா 2018-ல் உலக சாம்பியன்ஷிப்பின் மேல் தட்டில் கனடாவோடு ஒரே வரிசையில் நின்றது. கடைசிப் படியிலிருந்து மேல் படிக்கு முப்பத்தொரு வருஷம். ஏறியதும் ஒரே வருஷத்தில் கீழே இறக்கிவிட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால், ஏணி நிஜம் என்பது நிரூபணமாகிவிட்டது. படியில் கால் வைக்கவே ஒரு போட்டி வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடைசி டிவிஷன்கள். மேலிருந்து பார்க்கிறவனுக்குக் கடைசிப் படி. ஏறவந்தவனுக்கு அதுதான் முதல் படி.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. குளங்கள் முன்போல உறைவதில்லை. பருவம் வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டு வருவதாக லடாக்கின் பெரியவர்கள் சொல்கிறார்கள். 2025 பிப்ரவரியில், போதிய பனி விழவில்லை என்று குல்மார்கில் குளிர்கால விளையாட்டுகளையே தள்ளிவைத்தார்கள். லே நகரில் செயற்கையாக உறையவைக்கும் ரிங்க் வந்திருக்கிறது, 2024 முதல் அங்கே தேசிய அளவில் போட்டிகள் நடக்கின்றன என்பது ஆறுதல். ஆனால், குளத்தில் ஓசியில் பழகிய ஏழைப் பிள்ளைகளின் தலைமுறை அதோடு முடிந்துவிடக் கூடாது. கடல் உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் கரையோரத்து மக்களுக்கு, காலடியில் தரை கரைவதன் அர்த்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில், கடைசி மூலையில், எப்போதாவது ரெண்டு வரி வரும். ஐஸ் ஹாக்கியில் இந்தியா படுதோல்வி என்று. ஸ்கோரைப் பார்த்ததும் நமக்குச் சிரிப்பு வரும். சிரிப்பதற்கு முன்னால் ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். எதிர் அணி பழகியது வருஷத்தில் பன்னிரண்டு மாசம். இவர்கள் பழகியது ரெண்டு மாசம். அதுவும் குளம் மனசு வைத்தால்!